பேய் வேஷமும் கைரேகையும்

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகள் போன அக்டோபரில் குடும்ப வாட்ஸப் குழுவில் நாலு படம் போட்டிருந்தாள். ஒர்லாண்டோவில் டிஸ்னி பூங்காவில் ராத்திரி எடுத்த படங்கள். மாப்பிள்ளை கடற்கொள்ளைக்காரன் வேஷம், இவள் தலையில் சூனியக்காரித் தொப்பி, அஞ்சு வயசுப் பையனுக்கு எலும்புக்கூடு அச்சடித்த கறுப்புச் சட்டை. கையில் ஆளுக்கொரு பை, பை நிறைய மிட்டாய். உசிலம்பட்டியில் அப்பத்தாவிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. "ஏய்யா, பச்சப்புள்ளைக்கு எதுக்குப் பேய் வேஷம் போட்டு விட்ருக்காக? காத்துக் கருப்பு அண்டிறாதா?" ஹாலோவீன்னு ஒரு பண்டிகை, பூங்காவில் குடும்பம் குடும்பமாப் போய்ப் பேய் பார்க்கிறது, ஆளுக்கு நூறு டாலருக்கு மேல டிக்கெட்டுன்னு சொன்னேன். "இங்க கோடாங்கி பேயை ஓட்டத்தான் காசு வாங்குவான். அங்க பேயைப் பாக்கவே காசா?"

கேள்வி நியாயமானதுதான். குடும்பத்தோடு ஒரு ராத்திரி வெளியே போய், காசு கொடுத்துப் பயந்துவிட்டு வருவது எப்போது, எதற்காக ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். படித்துக்கொண்டே போனபோது 1920 என்ற ஆண்டில் நின்றுவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த ஆண்டைச் சொன்னால் வேறு ஒன்று ஞாபகம் வரும். அதற்கு வருகிறேன்.

ஹாலோவீனின் தொடக்கக் கதை பல இடங்களில் கிடைக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கொண்டாடிய 'சவ்வின்' என்ற பழைய நாள். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள். நம்மூர் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லி, கல்லறைகளைக் கழுவி, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அதே நாள். சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின மாலை அக்டோபர் 31, அதுதான் ஹாலோவீன். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்களோடு இது அங்கே போனது. ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணி சுலபமாகக் கிடைத்தது.

அமெரிக்காவில் இது முதலில் குடும்பப் பண்டிகையாக இருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இளவட்டங்கள் அழிச்சாட்டியம் பண்ணும் ராத்திரி அது. அடுத்தவன் வீட்டு வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போய் எங்காவது மாட்டுவது, கொல்லைக் கக்கூஸைக் கவிழ்த்துவிடுவது, கடைக் கண்ணாடியில் சோப்பைப் பூசுவது, மாட்டை அவிழ்த்துக் கடைவீதியில் விடுவது. நம்மூரில் பொங்கலுக்கு முந்தின ராத்திரி போகிக் கொளுத்த கண்டவன் வேலிப்படலைப் பிடுங்கிய பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நூறு மடங்கு பெருக்கினால் கிட்ட வரும்.

மினசோட்டா மாநிலத்தில் அனோகா என்று ஒரு சிறிய ஊர். அங்கேயும் இதே கதை. காலையில் எழுந்தால் கடைவீதி முழுக்க மாடு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பையன்களைப் பிடித்து உள்ளே போடவில்லை. அந்த ராத்திரிக்கு வேறு வேலை கொடுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். 1920 அக்டோபரில் வேஷம் போட்ட பிள்ளைகளின் ஊர்வலம், பேண்டு, பெரிய நெருப்பு, கூடவே இலவசத் தின்பண்டம் என்று ஊரே சேர்ந்து நடத்தியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்ற சில ஆண்டுகள் தவிர இன்றுவரை நடக்கிறது. 'உலகத்தின் ஹாலோவீன் தலைநகரம்' என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. மற்ற ஊர்களும் 1930களில் இதையே பிடித்துக்கொண்டன. ஊர்வலம், பள்ளிக்கூட விருந்து, வீட்டுக்கு வீடு போய் மிட்டாய் வாங்குவது என்று அந்த ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் கைக்குப் போனது. குடும்ப ஹாலோவீன் என்பது ஒரு சட்டம் ஒழுங்குப் பிரச்சினைக்கு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு.

அதே 1920. ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் வந்தது. 1911இல் அதைத் திருத்தி எழுதியபோது மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள், கைரேகை எடுக்கும் அதிகாரமும் அதில் சேர்ந்தது. (உலகத்தின் முதல் கைரேகை அலுவலகங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. லண்டனுக்கு முன்னாடியே நம்மை வைத்துத்தான் பழகினார்கள்.) 1914இல் கீழக்குடிக் கள்ளர்கள் மேலும், 1918வாக்கில் பிறமலைக் கள்ளர்கள் எல்லோர் மேலும் சட்டம் பாய்ந்தது. மக்கள் அதற்கு வைத்த பேர் ரேகைச் சட்டம். பதிவான ஆண்கள் ராத்திரியானால் சாவடிக்கோ ஸ்டேஷனுக்கோ போய் ஆஜர் கொடுக்க வேண்டும், பல ஊர்களில் அங்கேயே படுக்கவும் வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு. திருடினானா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை, இந்த வீட்டில் ஆம்பிளையாகப் பிறந்ததே போதும்.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். போலீஸ் வந்து சுட்டது. குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காள் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது, ஏப்ரல் 3 அன்று இன்றைக்கும் மாலை போடுகிறார்கள். கைது செய்யப்பட்டவர்களுக்காக வாதாடியவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். கேரளத்துக்காரர். இந்தப் பக்கத்தில் அவருக்கு ரோசாப்பூ துரை என்று பேர்.

ஏழு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமா என்று யோசித்தேன். ஒன்று கொலை, இன்னொன்று பிள்ளைகள் ஊர்வலம். ஆனால் இரண்டு இடத்திலும் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு எதிரில் நின்றது ஒரே கேள்வி: ராத்திரியில் நடமாடும் இளவட்டங்களை என்ன செய்வது? அனோகாவில் அது தங்கள் பிள்ளை. அதனால் கையில் மிட்டாயைக் கொடுத்தார்கள். இங்கே அது அடுத்தவன் பிள்ளை. கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று பிள்ளைகள் கேட்பதை நம் பாஷையில் சொன்னால், 'பண்டம் தாரியா, சேட்டை பண்ணவா' என்று வரும். கொடுத்தால் போய்விடுவார்கள், கொடுக்காவிட்டால் வீட்டுக்கு ஏதாவது ஆகும். கனடாவில் 1920களின் செய்தித்தாள்களில் இந்த வாசகம் அச்சில் தென்படுகிறது, பிறகு வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. இப்போது இங்கே காவல் முறையைப் பாருங்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிராமங்களுக்கும் களத்துமேட்டுக்கும் ராத்திரிக் காவல் கள்ளர் வசம் இருந்தது. ஊர் காவல் கூலி கொடுக்கும். காவலில் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தரணும், இல்லை ஈடு கட்டணும். காவலுக்கு ஆள் வைக்காத ஊரில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் ரெண்டு நாளில் மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கு என்று தகவல் வரும். 1906இல் வெளிவந்த பிரான்சிஸ் துரையின் மதுரை மாவட்டக் கெசட்டியர் இதை விலாவாரியாக எழுதுகிறது, மிரட்டிப் பணம் பறிப்பது என்ற தொனியில்.

இதில் நம்ம ஆட்களை அப்பாவியாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் கள்ளர் காவலே வேண்டாம் என்று திரண்டார்கள். களவு போனால் ஈடு கட்டத் தங்களுக்குள் நிதி சேர்த்தார்கள். 'ஃபண்டு' என்ற சொல்தான் பண்டு ஆகி, அதற்குப் பண்டுக் கலகம் என்று பேர் வந்தது என்பார்கள். வீடு எரிந்தது, அடிதடி நடந்தது. மாட்டைப் பறிகொடுத்த சம்சாரிக்குத் துப்புக்கூலி விளையாட்டாக இருந்திருக்காது. ஆனால் குற்றம் செய்தவனைப் பிடிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. அது போதாதென்று ஒரு சாதியின் ராத்திரியையே பூட்டிவைக்கும் சட்டம் எதற்கு என்பதற்குக் கெசட்டியரில் பதில் இல்லை.

சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947இல் நீங்கியது. அதாவது, மனைவி பிள்ளைகளோடு ராத்திரி வெளியூர் போய்க் கூத்துப் பார்த்துவிட்டு நினைத்த நேரத்துக்குத் திரும்புவது என்ற சாதாரண விஷயம், பதிவேட்டில் பேர் இருந்த உசிலம்பட்டிப் பக்கத்து ஆம்பிளைக்கு அதற்கு அப்புறம்தான் கிடைத்தது. 'குடும்ப மாலை' என்பது அவ்வளவு புதுசு.

பூங்காக் கதையை முடித்துவிடுகிறேன். பேயை டிக்கெட் போட்டு விற்க முடியும் என்று பெரிய அளவில் காட்டியது கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம். பெயரே சொல்வது போல முதலில் பழத்தோட்டம், கூடவே கோழிக்கறிச் சாப்பாடு, அப்புறம் பூங்கா. 1973இல் ஹாலோவீனுக்குச் சில ராத்திரிகள் வேலையாட்களுக்குப் பேய் வேஷம் போட்டு மூலைக்கு மூலை ஒளித்து வைத்தார்கள். கூட்டம் அள்ளியது. 1991இல் ஒர்லாண்டோவில் யுனிவர்சல் ஆரம்பித்தது, 2011இல் அதன் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கும் வந்துவிட்டது. இதெல்லாம் பெரியவர்களை அலறவைக்கும் ரகம். டிஸ்னி 1995இல் எதிர்த் திசையில் போனது. அவர்கள் விருந்துக்கு வைத்த பேரே 'அவ்வளவாகப் பயமில்லாத ஹாலோவீன் விருந்து' என்ற பொருளில்தான் இருக்கும். பகல் டிக்கெட்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, தனி டிக்கெட், நள்ளிரவுவரை ஊர்வலம், பூங்காவில் அங்கங்கே மிட்டாய் கொடுக்கும் இடங்கள். முதல் வருஷம் ஒரே ஒரு ராத்திரி. இப்போது ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆடித் தள்ளுபடி போலத்தான்.

அங்கே இரண்டு விதிகள் என்னை யோசிக்க வைத்தன. பதினாலு வயசும் அதற்கு மேலும் ஆனவர்கள் முகமூடி போடக் கூடாது. என்ன வேஷம் வேண்டுமானாலும் போடுங்கள், முகம் தெரிய வேண்டும். ரெண்டாவது, 2000களின் நடுவிலிருந்து அந்தப் பூங்கா வாசலில் டிக்கெட்டோடு விரலையும் ஒரு கருவியில் வைக்கச் சொன்னார்கள். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் நுழையக் கூடாதாம். சித்தப்பா மகளிடம் கேட்டேன். "ஆமாண்ணே, கட்டைவிரல் இல்ல, ஆள்காட்டி விரல். ரெண்டு செகண்டுதான்" என்றாள். வேண்டாம் என்றால் அடையாள அட்டை காட்டிவிட்டுப் போகலாம். பெருங்காமநல்லூரில் அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வேஷம். இதற்கு மதுரைக்காரன் அமெரிக்கா போகவேண்டியதில்லை. நம்ம ஊரின் மிகப்பெரிய வேஷக்காரர் அழகர்தான். சித்திரையில் மலையை விட்டு இறங்கும்போது பெருமாளாக வருவதில்லை, கள்ளராக வருகிறார். கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடி. (இந்த உறவைக் கொண்டாடுகிறவர்கள் மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள். உசிலம்பட்டிப் பக்கம் இருப்பது பிறமலைக் கள்ளர். ரெண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் சொல்கிறேன்.) கூட வரும் பக்தர்கள் கறுப்பசாமி வேஷம் கட்டி, இடுப்பில் சல்லடம், தலையில் உருமா, கையில் திரி, தோளில் தண்ணீர் நிரப்பிய ஆட்டுத்தோல் பை என்று வருவார்கள். ஆற்றில் இறங்கியபின் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், சாமிக்கே அலங்காரம் மாற்றி மாற்றி. பாய் விரித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, தூங்கும் பிள்ளையை எழுப்பி "அந்தா பாரு, மோகினி" என்று காட்டும் தாய்மார்களை இப்போதும் பார்க்கலாம்.

கள்ளர் வேஷத்தில் சாமி வந்தால் ஊரே தேங்காய் உடைக்கும். 1918க்கும் 1947க்கும் நடுவில், அதே பேருள்ள ஆள் உசிலம்பட்டியிலிருந்து அதைப் பார்க்க வரவேண்டுமானால் கையில் சீட்டு வேணும். வேஷத்துக்கு ஒரு மரியாதை, ஆளுக்கு ஒரு மரியாதை.

நம்மூரில் காசு கொடுத்துப் பயப்பட்ட இடம் தமுக்கம். ராணி மங்கம்மாள் அரண்மனையின் முன்திடல் அது. நாயக்கர் காலத்தில் யானைச் சண்டை பார்த்த இடம் என்பார்கள். அரண்மனை 1959இல் காந்தி மியூசியமானது. திடலில் சித்திரைப் பொருட்காட்சி. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அழகர் பாதி, பொருட்காட்சி பாதி. அரசுத் துறைகளின் அரங்குகளில் உரமூட்டைப் படத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தையும் வேகமாகக் கடந்துவிட்டால் ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பேய் வீடு.

பேய் வீட்டின் தொழில்நுட்பம் ரொம்ப எளிமை. தகரம், கறுப்புத் துணி, சிவப்பு பல்பு, கயிறு கட்டி இழுக்கும் எலும்புக்கூடு, இருட்டில் உட்கார்ந்து காலைப் பிடிக்கும் ஒரு ஆள். நாட்ஸ் பெர்ரி ஃபார்மிலும் அடிப்படையில் அதே ஆள்தான், சம்பளமும் ஒப்பனையும் கூட. அதில் குடும்பம் நுழையும் வரிசை எங்கேயும் ஒன்றுதான். முதலில் வீராப்பாக மாமா, நடுவில் அத்தையின் முந்தானையைப் பிடித்தபடி பிள்ளைகள், கடைசியில் "எனக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வரும் ஒருவர். வெளியே வரும்போது மாமா கடைசியில் இருப்பார். இதற்காகத்தான் காசு. நம்மைப் பாதுகாக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைத் துணையில்லாத பயத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சாவடியில் பேர் கூப்பிடும் சத்தத்துக்குக் காத்திருந்தவனுக்கும், அவன் திரும்பி வரும்வரை வீட்டில் முழித்திருந்தவளுக்கும் இருந்த பயம் வேறு. அப்பத்தாவின் தலைமுறைக்கு ராத்திரி என்றாலே ஆம்பிளை வீட்டில் இல்லாத நேரம் என்று ஒரு பழைய அர்த்தம் இருந்தது. அதன் அம்மா வழியாக வந்த அர்த்தம்.

இப்போது உசிலம்பட்டிக்காரர்களின் பெரிய குடும்ப ராத்திரி என்றால் மாசி சிவராத்திரி. மாசிப்பச்சை என்போம். கோயமுத்தூரிலும் சென்னையிலும் கடை வைத்திருக்கிறவர்கள் வேன் பிடித்துக் குலதெய்வத்துக்கு வந்து சேருவார்கள். உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டி போகும்போது ரோடு கொள்ளாது. யாரும் யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ரோட்டோரம் பலூன், பீப்பி, பஞ்சு மிட்டாயோடு கொஞ்ச வருஷமாக ஒரு புதுச் சாமானும் விற்கிறார்கள். தலையில் மாட்டும் வளையம், அதில் ரெண்டு சிவப்புக் கொம்பு, பட்டனை அமுக்கினால் மினுக்கு மினுக்கு என்று எரியும். அசல் ஹாலோவீன் சாமான்தான், ஏதோ கப்பலில் ஏறி இங்கே வந்திருக்கிறது. கறுப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிற இடத்தில் பிசாசுக் கொம்போடு பிள்ளைகள் ஓடுகின்றன. யாரும் அதைப் பிசாசு என்று நினைப்பதில்லை. கூட்டத்தில் பிள்ளை தொலைந்துபோனால் தூரத்திலேயே தெரியும் என்பதற்காகத்தான் வாங்கிக் கொடுக்கிறார்கள்.